ரோஸ் மூடி

என் கண்ணை நானே மருந்து ஊற்றிக் கெடுத்துக்கொண்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். நானே சொல்லிவிட்டால் அந்தச் சிரிப்பையாவது பார்க்காமல் தப்பிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் வலது கண் சிவந்தது. உள்ளே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் வலி. வெளிச்சத்தைப் பார்த்தால் தாரை தாரையாகக் கண்ணீர். ஒரு டாக்டர் ரோஸ் நிற மூடி போட்ட சொட்டு மருந்து ஒன்றை எழுதிக்கொடுத்து, ஒரு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார். இரண்டே நாளில் கண் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. நன்றாக இருக்கும் கண்ணை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட நான் என்ன முட்டாளா என்று நினைத்தேன். போகவில்லை. என்ன முட்டாள் என்பது பிறகு விவரமாகத் தெரிந்தது.

அடுத்த முறை இரண்டு கண்ணும் சிவந்தபோது காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். அதற்கும் அடுத்த முறை பாட்டில்கூடத் தேவைப்படவில்லை. "ரோஸ் மூடி ஒண்ணு குடுப்பா" என்றால் போதும், கிடைத்துவிடும். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கி வைத்து, வருகிறவர்களிடம் நானே பேச்சை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறவன், கண்ணுக்குள் போகிற மருந்தை மூடியின் நிறத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். டப்பாவுக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். அதில் எல்லா எச்சரிக்கையும் உண்டு. ஆனால் கண் மருந்தோடு வரும் காகிதத்தைக் கண் நன்றாக இருக்கிறவன்தான் படிக்க முடியும். அவனுக்கு அந்த மருந்து தேவையில்லை.

இதைவிடக் கேவலம், நான் தெருவுக்கே வைத்தியம் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரருக்குக் கண் சிவந்தால் என்னிடம் வருவார். தறிக்காரர்கள் வருவார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, இமையை இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு. என் மனைவி தனத்துக்கும் ஒருமுறை ஊற்றியிருக்கிறேன். அவர்கள் செய்த புண்ணியம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாப் பாவமும் என் கண்ணுக்கே வந்து சேர்ந்தது.

என் பிழைப்பே கண்ணை வைத்துத்தான். நான் நெய்வதில்லை. பட்டு நூல் வாங்கி, சாயம் போடக் கொடுத்து, பாவும் ஊடையும் தறிக்காரர்களிடம் கொடுத்து, நெய்த புடவையை வாங்கி விற்கிறவன். இதில் எனக்கென்று இருக்கும் ஒரே திறமை நிறம் சொல்வது. உடலுக்கு என்ன நிறம், கரைக்கு என்ன, முந்திக்கு என்ன என்று முடிவு செய்வது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வெங்காயத் தோல் நிறத்துக்கு அரக்குக் கரை, சந்தனத்துக்குக் கத்திரிப்பூ என்று அடக்கமாக, காதோடு பேசுகிற மாதிரி நிறங்கள். தனம் அவற்றைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்பாள். விற்காதவை பீரோவில் இருக்கும். பீரோ எப்போதும் நிறைந்தே இருந்தது. மக்களுக்கு ரசனை வளரவில்லை என்று நான் அதற்கு விளக்கம் வைத்திருந்தேன்.

சாயம் போட்ட நூலை எங்கள் ஊரில் எல்லாரும் வெயிலுக்கு எடுத்து வந்துதான் பார்ப்பார்கள். டியூப் லைட் நிறத்தைப் பொய்யாகக் காட்டும். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியபோது, வெயிலில் நூலைப் பிடித்தால் ஒரே வெள்ளைப் புகையாகத் தெரிய ஆரம்பித்தது. எதிரே வருகிறவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெளிச்ச உருண்டை. ஆனால் நிழலுக்குள் வந்தால் ஓரளவு தெரிந்தது. இந்த நிலையில் ஒரு சாதாரண மனிதன் டாக்டரிடம் போவான். நான் ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன்.

"தேவராஜு, இனிமே நூல வெளிய எடுத்துகினு வராத. உள்ளயே காட்டு" என்றேன் சாயக்காரரிடம்.

"உள்ள எப்படிண்ணா கலரு தெரியும்?"

"புடவ கட்டறவங்க எங்க கட்டறாங்க? வயல்லயா? மண்டபத்துக்குள்ளதான? அப்ப மண்டபத்து வெளிச்சத்துலதான பாக்கணும்? இத்தன வருசமா எல்லாரும் தப்பாப் பாத்துகினு இருக்கோம்."

தேவராஜ் என்னைப் பயபக்தியோடு பார்த்ததாக நினைத்தேன். அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

அப்புறம் நிழலிலும் எல்லா நிறமும் அழுக்குத் தண்ணீரில் அலசினது மாதிரி ஆனது. "இன்னும் கொஞ்சம் கலரத் தூக்கு. செத்த கலரா இருக்குது பாரு" என்று தேவராஜிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் தூக்கிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் வாசலில் நின்றிருந்த என் சொந்த மைத்துனனை, வாடகை பாக்கி கேட்க வந்தவர் என்று நினைத்து, "அண்ணன் ஊர்ல இல்லீங்களே" என்று நானே சொல்லி அனுப்பப் பார்த்தேன். தனம் அன்றைக்கே என்னைக் கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் ஏற்றினாள்.

வேலூரில் அது ஒரு பெரிய கண் மருத்துவமனை. பெயர் வேண்டாம், அவர்கள் என்னைப் பொறுத்துக்கொண்டதே பெரிது. காத்திருக்கும் கூடத்தில் கண்ணைப் பெரிதாக்கும் சொட்டை விட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அது விட்டதும் பக்கத்தில் இருப்பது ஒன்றும் தெரியாது. காதும் மூக்கும் மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்யும். ஒருவர் புளிச்சோற்றைப் பிரிக்கிறார். ஒருவர் கைபேசியில் ஒரே பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். ஒருவர் சளியைக் காறி, துப்ப இடமில்லாமல், விழுங்குகிறார். சுவரில் இருந்த டிவியில் சமையல் நிகழ்ச்சி. கண் தெரியாத அறுபது பேருக்கு முன்னால் ஒரு பெண் காளான் குருமாவின் நிறத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார்.

பெயரைக் கூப்பிடும் நர்ஸுக்கு அந்தக் கூடத்தில் எல்லாரும் தாத்தா, இல்லாவிட்டால் பாட்டி.

"தாத்தா, வாங்க தாத்தா. மோவாய இதுல வைங்க தாத்தா."

வைத்தேன். அவர் என் அட்டையில் வயதைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. "சாரி தா..." என்றவர் பாதியில் நிறுத்தி, "சார்" என்றார். அந்தப் பாதித் தாத்தா இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

உள்ளே ஒரு டாக்டரம்மா. சிரிக்காத முகம், குறைந்த பேச்சு. கருவி வழியாக என் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்கும் தனத்துக்கும் பொறுமையாகவே சொன்னார். கருவிழியைச் சுற்றி, ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் கண்ணுக்குள் இருக்கிறது. அது அழற்சியில் சிவந்து வீங்குவதன் பெயர் யுவைட்டிஸ். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண 'மெட்ராஸ் ஐ' மாதிரியே இருக்கும். ஆனால் இது மெட்ராஸ் ஐ மாதிரி பிறருக்கு ஒட்டாது, மேலோட்டமாக வந்து தானாகவும் போகாது. உள்ளே இருக்கும் தெளிவான நீரில் அணுக்கள் மிதக்கும். தியேட்டரில் திரைக்குப் போகும் வெளிச்சத்தில் தூசு மிதக்குமே, அப்படி. அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் நடுவில் இருக்கும் கருப்பு வட்டத்தின் விளிம்பு பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். என் வட்டம் இப்போது வட்டமே இல்லையாம். படத்தைத் திரையில் காட்டினார். எலி கடித்துவிட்டுப் போன அப்பளம் மாதிரி இருந்தது.

"லென்ஸ்ல புரையும் விழுந்திருக்கு. ரெண்டு கண்ணுலயும். வலதுல அதிகம். புரை நடுவுல, பின்பக்கம் உக்காந்திருக்கு. அதனாலதான் உங்களுக்கு வெயில்ல போனா தெரியல."

அது எப்படி என்று கேட்டேன். வெயிலில் கண்ணின் வாசல் சுருங்கும், அந்தச் சின்ன வாசலைப் புரை முழுதாக அடைத்துக்கொள்ளும், நிழலில் வாசல் விரியும், ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் நுழையும் என்றார். கேட்டின் நடுவில் எருமை நிற்கிறது. ஒரு கதவு மட்டும் திறந்தால் போக வழியில்லை, இரண்டையும் திறந்தால் எருமையைச் சுற்றிக்கொண்டு போகலாம். என் மண்டபத் தத்துவத்தின் அறிவியல் அடிப்படை ஒரு எருமை.

"இந்த வயசுல இது ஏன் மேடம்?" என்றாள் தனம்.

"அழற்சியாலயே வரும். ஸ்டீராய்டு சொட்டு ரொம்ப நாள் கணக்கில்லாம போட்டாலும் வரும். ஏதாவது போட்டீங்களா?"

நான் மூடியின் நிறத்தைச் சொன்னேன். எத்தனை வருடமாக என்றும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"யார் எழுதிக் குடுத்தது?"

தனம் முந்திக்கொண்டாள். "இவரேதான் மேடம். எங்க தெருவுக்கே இவர்தான் கண் டாக்டரு. எனக்குக்கூட ஊத்தியிருக்காரு."

டாக்டரம்மா உடனே தனத்தை உட்கார வைத்து அவள் கண்ணைப் பரிசோதித்தார். அதைவிட என்னை அவமானப்படுத்த வேறு வழியே இல்லை. நல்லவேளை, அவள் கண் சுத்தமாக இருந்தது.

உடனே அறுவை செய்துவிடலாமே என்று கேட்டேன். முடியாது என்றார். சிவந்திருக்கும் கண்ணில் கத்தி வைத்தால் அழற்சி பல மடங்கு பொங்கும். புது லென்ஸைச் சுற்றிச் சவ்வு படரும். கண்ணின் பின்பக்கம் நீர் கோத்து வீங்கும். சில கண்கள் சுருங்கியே போய்விடும். குறைந்தது மூன்று மாதமாவது கண் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை சிவந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

"சரி ஆயிடுமா மேடம்?" என்றேன்.

"முயற்சி பண்ணலாம்" என்றார். இதைச் சொல்லும்போது டாக்டர்கள் கணினியைப் பார்ப்பார்கள். அவரும் பார்த்தார். நிறம் சொல்கிறவன் கண் போனால், மிச்சமிருப்பது புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்கிற ஓர் ஆள். அந்த ஆளை எனக்கே பிடிக்காது.

அழற்சிக்குக் காரணம் தேட வேண்டும் என்று ரத்தம் எடுத்தார்கள். காசநோய் இருக்கிறதா என்று முன்கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே. முதுகெலும்பு விறைக்கிற வாதம் உண்டா என்று சோதனை. கடைசியாக, பால்வினை நோய் இருக்கிறதா என்று ஒன்று.

தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் எடுக்கறதுதாம்மா" என்றார் டாக்டரம்மா.

"எடுங்க மேடம். எல்லாத்தையும் எடுங்க" என்றாள் தனம்.

எல்லாம் நல்லவிதமாக வந்தது. என்ன காரணம் என்று கேட்டேன். "தெரியல. நிறைய பேருக்குக் காரணம் கிடைக்கிறதில்ல" என்றார். உடம்பில் துளையிடாத இடமில்லை, சந்தேகப்படாத ஒழுக்கமில்லை, கடைசியில் காரணம் தெரியவில்லை. பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை நினைத்தால் கண்ணில் பிரஷர் ஏறுகிறது. அதற்கும் ஒரு சொட்டு மருந்து இருக்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் பசி. இட்லியைப் பார்த்தால் நெடுநாள் பிரிந்திருந்த உறவைப் பார்ப்பது போல இருக்கும். பிறகு முகம் ஊதும். கன்னம் இரண்டும் காதை நோக்கி நடக்கும். தூக்கம் போகும், கோபம் வரும். தேவராஜிடம் ஒருநாள் காரணமே இல்லாமல் கத்தினேன், அவர் "மாத்திர போட்டாச்சாண்ணா?" என்று மட்டும் கேட்டார். பார்க்க வந்த உறவினர்கள் எல்லாரும், "நல்லா தேறிட்டீங்க, மொகத்துல களை வந்துட்ச்சு" என்று வாழ்த்தினார்கள். ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். ஒருவர் தாய்ப்பால் என்றார். ஒருவர் விளக்கெண்ணெய். ஒருவர் சின்ன வெங்காயத்தை இடித்து அதன் சாற்றை. இவர்களையெல்லாம் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, இத்தனை நாள் தெருவில் இதே வேலையை நான் இன்னும் தன்னம்பிக்கையோடு செய்துகொண்டிருந்தேன். அவர்களிடம் வெங்காயம், என்னிடம் ரோஸ் மூடி.

தேவிகாபுரத்தில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. போட்டோவில் இந்தப் பூசணி முகத்தோடு நிற்பதா? கண்ணும் அமைதியாகத்தானே இருக்கிறது? மாத்திரையை டாக்டர் சொன்னபடி சிறிது சிறிதாகக் குறைக்காமல், நானே நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. முகம் ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை.

கல்யாணத்தில் பெண் கட்டியிருந்தது நான் நெய்யக் கொடுத்த புடவை. பெண்கள் சூழ்ந்து நின்று முந்தியைத் தடவிப் பார்த்தார்கள். "யாரு எடுத்த கலருடி இது? எங்க வாங்கனீங்க?" என்று ஒரே பேச்சு. எனக்கு அது அடக்கமான நிறமாகவே தெரிந்தது. ரசனை ஒருவழியாக வளர்ந்துவிட்டது என்று நிம்மதியோடு பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் வருவதற்குள் வலது கண்ணில் அந்தக் கட்டைவிரல் அழுத்த ஆரம்பித்தது.

மறுநாள் டாக்டரம்மா கருவியிலிருந்து முகத்தை எடுத்தார்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"கொஞ்சம்... மொகம் ஊதினு இருந்துச்சு. கல்யாணம் ஒண்ணு."

"முகமா, கண்ணான்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க. நீங்களே டாக்டரா இருக்கணும்னா, எனக்கு வெளிய நிறைய பேர் காத்துட்டு இருக்காங்க."

கணக்கு மறுபடி முதலிலிருந்து. இன்னொருமுறை இப்படி வந்தால் அறுவை செய்தும் பயன் இருக்காது என்பதை அவர் சத்தம் போடாமல் சொன்னார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது தனம் கையை நீட்டினாள். "மருந்துப் பையக் குடுங்க."

கொடுத்தேன். அன்றிலிருந்து மாத்திரை, சொட்டு எல்லாம் அவள் கையில். கைபேசியில் அலாரம் அடித்தால் அரைத்த மாவோடு இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு வருவாள். "அண்ணாந்து பாருங்க. மேல. மேலன்னா என்னப் பாக்கறதில்ல." ஒரு வேளைகூடத் தவறியதில்லை. காலையில் அவள் முந்தானையை விரலில் சுற்றி, ஊதிச் சூடாக்கி, இமையோரம் ஒட்டியிருக்கும் பீளையைத் துடைப்பாள். டாக்டர் சொன்னபடி சுத்தமான பஞ்சில்தான் துடைக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சொல்றது யாரு பாரு" என்றாள். அடுத்த நாளிலிருந்து பஞ்சு.

கண் ஒருவழியாக வாயை மூடிக்கொண்டு மூன்று மாதம் இருந்தது. நானும் இருந்தேன்.

வலது கண்ணுக்கு அறுவை நடந்த அன்று, பச்சைக் கவுனும் தலையில் குல்லாவுமாக ஒரு வரிசை. ஒவ்வொருவர் புருவத்துக்கு மேலும் எந்தக் கண் என்று மையில் அடையாளம். எனக்குப் பக்கத்தில் வெம்பாக்கத்துப் பெரியவர் ஒருவர், கன்னியப்பன் என்று பெயர். விவசாயி.

"நைனா, இன்னா வயசு?"

"நாப்பத்திரண்டு."

"சின்னப் பையன். உனக்கு இன்னாத்துக்குப் பொரை? எங்க ஊர்ல மாட்டுக்குத்தான் சின்ன வயசுல வுழும்."

"மருந்து ஒத்துக்கல பெரியவரே."

"யாரு குடுத்த மருந்து?"

"ஊர்ல ஒருத்தன்."

"அவன் கெடச்சா வுடாத. செருப்பாலயே அடி."

"அதான் நெனச்சிகினு இருக்கேன்" என்றேன்.

அவருக்குப் பத்து நிமிடத்தில் முடிந்து, வெளியே டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார். என் கதை வேறு. கண்ணைச் சுற்றி ஓர் ஊசி. முகத்தின் பாதி வேறு யாருடையதோ ஆனது. முகத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் துணி. அதற்குள் என் மூச்சுக்காற்றே எனக்குத் திரும்பி வந்தது. காலையில் தின்ற உப்புமாவின் வாசனை. மேலே வெளிச்சத்தில் நிழல்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் அசைந்தன. முதலில் லென்ஸோடு ஒட்டியிருந்த அந்தக் கருப்பு வட்டத்தின் விளிம்பைப் பிரித்தார்கள். அது மறுபடி சுருங்காமல் இருக்க நான்கு பக்கமும் நுண்ணிய கொக்கிகள் போட்டு இழுத்துப் பிடித்தார்கள். நம் ஊரில் தறியில் துணி சுருங்காமல் இருக்கக் குச்சி கொடுத்து இழுத்துப் பிடிப்பது போலத்தான். பிறகு புரையை ஒலி அதிர்வால் நொறுக்கி உறிஞ்சிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் லென்ஸ். டாக்டரம்மா நடுவில் ஒருமுறை "ம்ச்" என்றார். அந்த ஒரு "ம்ச்"சில் நான் என் பீரோ, அலமாரி, பட்டு நூல் எல்லாவற்றையும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டேன். முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடி வழுக்கியதாம்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். கன்னியப்பனுக்கு முதலில். அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது.

"ஏம்மா, நேத்து எம்பக்கத்துல ஒரு சின்னப் பையன் இருந்தானே, எங்க போய்ட்டான்?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"பெரியவரே, நான்தான் அது."

அவர் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "மங்கலா இருக்கச்சொல்ல நல்லா இருந்த நைனா" என்றார்.

என் கட்டையும் பிரித்தார்கள். களிம்பின் பிசுபிசுப்பும், பிளாஸ்டர் இழுத்த புருவ மயிரின் எரிச்சலும் முதலில். பிறகு வெள்ளை. சுவர் வெள்ளை. நான் மஞ்சள் என்று நினைத்திருந்த சுவர். ஜன்னலுக்கு வெளியே வெயில், அந்த வெயிலில் ஒரு வேப்ப மரம், அதன் இலைகள் தனித்தனியாக. அழுதுவிடக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். வாசலில் தனம் நின்றிருந்தாள்.

அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன் என்று எழுத ஆசை. முடியவில்லை. அவள் கட்டியிருந்த புடவை என்னைப் பார்க்கவிடவில்லை. உடல் முழுக்க ராணி பிங்க். சாதாரண பிங்க் இல்லை. தூரத்திலிருந்தே கன்னத்தில் அறைகிற பிங்க். கரை கிளிப்பச்சை. அதுவும் உயிரோடிருக்கும் கிளிகளை வெட்கப்பட வைக்கும் பச்சை. நடுவில் ஆரஞ்சில் புட்டா.

"இன்னாது இது? எவன் எடுத்த கலரு?"

"நீங்கதான்" என்றாள் தனம். "வெங்காயத் தோல்னு சொல்லிக் குடுத்தீங்க."

வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்த மருந்துப் பையை அங்கேயே திறந்தால், மேலேயே ரோஸ் மூடி. மணிக்கொரு தரம் ஊற்ற வேண்டுமாம்.

"மேடம், இதுதான?" என்றேன்.

"அதேதான். மருந்து மேல தப்பில்ல. ஊத்துன ஆள் மேலதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு பாட்டிலைத் தனத்திடம் கொடுத்தார்.

அடுத்த வாரங்கள் அறுவையைவிட மோசம். ஒவ்வொருமுறை கண் உறுத்தும்போதும் அந்தக் கட்டைவிரல்தானோ என்று பயம் வரும். கண்ணாடி முன் நின்று வெள்ளை விழியை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். தனம் வந்து கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். கடைசியில் ஸ்கேன் எடுத்து, பின்பக்கம் வீக்கம் இல்லை என்றார் டாக்டரம்மா. உள்ளே தூசு இல்லை. இனி பக்கத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும், லென்ஸுக்குப் பின்னால் பிறகு ஒரு மெல்லிய திரை படர்ந்தால் லேசரில் நீக்கிக்கொள்ளலாம், மருந்தை விட்டால் எல்லாம் திரும்ப வரும் என்றார். இடது கண்ணும் அமைதியாக இருந்தால் அதையும் செய்துவிடலாம். இவ்வளவும் சொல்லி முடித்து, இந்தமுறை கணினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து முதல் வேலையாக, தறியிலிருந்து இறங்கிய புடவைகளை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் விரித்தேன். தேவராஜும் தறிக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஒன்றில் மஞ்சளும் வயலட்டும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் மயில்கழுத்து நிறத்தின் மேல் யாரோ வெற்றிலை எச்சில் துப்பியது போல ஒரு சிவப்பு. திருவிழாவில் ரங்கராட்டினத்துக்கு அடிக்கிற பெயிண்டுக்குக்கூட இதைவிடக் கூச்சம் இருக்கும்.

"கண்றாவி!" என்றேன். "தேவராஜு, நான்தான் கண்ணு தெரியாதவன். உனக்கு இன்னாய்யா? சொல்லக்கூடாதா?"

"மண்டபத்து வெளிச்சம்னு சொன்னீங்களேண்ணா" என்றார் தேவராஜ்.

இனி எல்லாம் மாறப் போகிறது என்று அறிவித்தேன். மறுபடி சந்தனம், வெங்காயத் தோல், அரக்கு. இந்தக் குப்பையையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். பழைய பீரோ சரக்கை எடுத்து வெளியே வைக்க வேண்டும். இடது கண்ணும் ஆகிவிட்டால் நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பேசிக்கொண்டே போனேன்.

தனம் உள்ளேயிருந்து வந்தாள். கையில் கைபேசி விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இதுல எதையும் தள்றதுக்கு இல்ல. எல்லாம் ஆர்டர் ஆயிட்ச்சு. கல்யாணத்துல பாத்ததுலேந்து தேவிகாபுரத்துப் பொம்பளைங்க வுட மாட்றாங்க" என்றாள்.

"பழைய சரக்கு?"

"அது எங்க போவும்? பீரோவுலதான் இருக்குது."

படியேறிப் போனவள் நின்று, திரும்பி, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணில் ஏதாவது சிவப்பு தெரிகிறதோ என்று எனக்குத் திக்கென்றது.

"ஏங்க," என்றாள், "அந்த எடது கண்ண மட்டும் இப்போதிக்கு அப்படியே வுட்டு வைங்க. கலரு பாக்கறதுக்கு ஆவும்."